கொடியா, கோரிக்கையா?

ஒரு போராட்டம் முடிந்த மறுவாரம் எந்தக் குழுவிலும் ஒரே சண்டைதான் நடக்கும். "இனிமேல் கட்சிக்குள் போனால்தான் காரியம் நடக்கும், வெளியே நின்று கத்தி என்ன பயன்?" என்பார் ஒருவர். "கட்சிக்குள் போனவன் எவன் உருப்பட்டான்?" என்பார் இன்னொருவர். இருவரிடமும் உதாரணத்துக்குப் பஞ்சமே இருக்காது. கட்சிக்காரர் தன் கட்சி கொண்டுவந்த நல்ல சட்டத்தையும், கலைந்துபோன இயக்கங்களின் கதையையும் எடுத்து வைப்பார். இயக்கக்காரர் வென்ற போராட்டத்தையும், விலைபோன எம்.எல்.ஏ.வையும் எடுத்து வைப்பார். தன் வீட்டுக் கல்யாணத்தையும் எதிர்வீட்டு இழவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நல்ல வீடு என்று எப்படித் தெரியும்?

சரி, எடுக்க வேண்டிய முடிவு என்ன என்று முதலில் சுருக்கிக்கொள்வோம். இருபது பேர் இருக்கிறீர்கள். ஒரு குறை இருக்கிறது. வேலை முடிந்து மிஞ்சும் சில சாயங்காலங்கள் இருக்கின்றன. அவற்றை நான்கு இடங்களில் செலவழிக்கலாம். இருக்கிற கட்சி ஒன்றில் சேரலாம். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று இயக்கமாகவே நிற்கலாம். வெளியே நின்றபடி, ஓட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் கட்சிகளோடும் பேரம் பேசலாம். இல்லையென்றால் சொந்தமாக ஒரு கட்சி தொடங்கலாம். மூன்றாவது வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேரம் என்ற சொல்லுக்கே ஒரு கெட்ட வாடை ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனாலேயே அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரே கோரிக்கை, மூன்று வழி

அமெரிக்காவில் மதுவிலக்கு வந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விவகாரம். ஒரே நாட்டில், ஒரே கோரிக்கைக்காக, இந்த நான்கில் மூன்று வழிகளை அடுத்தடுத்து முயன்று பார்த்தார்கள். ஒப்பிட உட்காருகிறவனுக்கு இப்படி ஒரு வசதி அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

முதலில் வந்தது கட்சி. 1869-இல் மதுவிலக்குக் கட்சி என்ற பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் ஆள் நிறுத்தினார்கள். மிக நன்றாகச் செய்த தேர்தலிலும் வாங்கிய ஓட்டு 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அவர்களுடைய கோரிக்கை நாட்டின் அரசமைப்பிலேயே ஏறியபோதும் அந்தக் கட்சி பெரிதாக வளரவில்லை.

அப்புறம் வந்தது இயக்கம். 1873 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் பெண்கள் கூட்டமாக மதுக்கடைகளுக்குள் போய் மண்டியிட்டு ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். கடைக்காரர்களால் என்ன செய்ய முடியும்? அடிக்க முடியாது, விரட்டவும் முடியாது. பல ஊர்களில் கடைகள் மூடின. அந்த அலையிலிருந்து 1874-இல் பெண்களின் பெரிய மதுவிலக்கு அமைப்பு ஒன்றே பிறந்தது. ஆனால் மூடிய கடைகளில் பல, கூட்டம் வீடு திரும்பியதும் மறுபடி திறந்துகொண்டன.

மூன்றாவதாக 1893-இல், அதே ஒஹாயோவில், ஆன்டி சலூன் லீக், அதாவது மதுக்கடை எதிர்ப்புச் சங்கம், வந்தது. இதற்கு ஒரே கோரிக்கை; வேறு எதைப் பற்றியும் வாயே திறக்காது. வேட்பாளர் எந்தக் கட்சி என்று கேட்காது. வரி, ரயில், போர் என்று மற்ற எல்லாவற்றிலும் அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்காது. அவரே குடிப்பவராக இருந்தாலும் கவலையில்லை. சட்டமன்றத்தில் மதுவிலக்குக்கு ஓட்டுப் போடுவாரா, மாட்டாரா? போடுவார் என்றால் தேவாலயங்கள் வழியாகத் திரட்டி வைத்த ஓட்டுகள் அவருக்கு. மாட்டார் என்றால் எதிராளிக்கு. ஒஹாயோவின் கவர்னர் மைரன் ஹெரிக், மதுக்கடைகளைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றின் பல்லைப் பிடுங்கினார். லீக்கின் வெய்ன் வீலர் அவரைக் குறிவைத்தார். குடியரசுக் கட்சி பலமாக இருந்த அந்த மாநிலத்தில், 1905 தேர்தலில் அந்தக் கட்சியின் கவர்னரான ஹெரிக் தோற்றார். மற்ற அரசியல்வாதிகளுக்கு அந்த ஒரு தோல்வி போதுமானதாக இருந்தது. 1919 ஜனவரியில் அரசமைப்பின் 18-ஆவது திருத்தம் நிறைவேறியது. செனட்டில் அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் வாரன் ஹார்டிங். பிறகு ஜனாதிபதியாகி வெள்ளை மாளிகையிலேயே நண்பர்களுக்கு விஸ்கி ஊற்றியவர். லீக்குக்கு அவருடைய தொண்டை தேவைப்படவில்லை, கை மட்டும் போதும்.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அந்தச் சட்டம் 1933-இல் ரத்தாகிவிட்டதே? ஆமாம். அதுதான் இந்த வழியின் பலவீனம். ஓட்டை வைத்து மிரட்டி வாங்கிய சட்டத்தை, மிரட்டலுக்குப் பயந்து கை தூக்கியவர்கள்தான் நடைமுறைப்படுத்த வேண்டும். அவர்களுக்கு அதில் மனமில்லை. ஊருக்கும் அலுத்துவிட்டது. இன்னொன்று: ஒரே கோரிக்கை என்றால் ஒரே கோரிக்கைதான். கூட்டத்தில் யாராவது "இதையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்று இரண்டாவதைச் சேர்த்த அன்றே பாதி ஓட்டு நழுவிவிடும். மனிதர்களால் அவ்வளவு நாள் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பது லேசில்லை.

கட்சிக்குள் போவதென்றால்

கட்சியில் சேர்வதா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கொள்கையைப் பார்க்கிறார்கள், தலைவரைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்தக் கட்சியில் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? உங்கள் இருபது பேரின் உழைப்புக்கு உள்ளே மதிப்பு இருக்குமா என்பது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்தது.

அமெரிக்காவின் டீ பார்ட்டியை எடுத்துக்கொள்வோம். வரியையும் அரசுச் செலவையும் குறைக்கச் சொல்லி 2009-இல் தெருவில் தொடங்கியது. பெயரில்தான் பார்ட்டி, தனிக்கட்சி தொடங்கவே இல்லை. குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களில் போய் நின்றார்கள். அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மேலிடம் இல்லை. ஓட்டுப் போட வரும் சாதாரணக் கட்சி ஆதரவாளர்கள். அந்தத் தேர்தலுக்கு வருகிறவர்களும் குறைவு. பிடிவாதமாக வரும் சில ஆயிரம் பேர் முடிவையே மாற்றிவிடலாம். 2010-இல் கீழ்ச்சபையில் குடியரசுக் கட்சி 63 இடங்கள் கூடுதலாகப் பிடித்த அலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு. 2014-இல் அந்தச் சபையில் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த எரிக் கேன்டரையே டேவ் பிராட் என்ற கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார். அதற்கப்புறம் கட்சியில் எவரும் இவர்களை அலட்சியம் செய்யவில்லை.

அதே முறை கையைச் சுட்டும் இருக்கிறது. 2010-இல் டெலவேர் மாநிலத்தில் எளிதாக ஜெயித்திருக்கக்கூடிய மைக் காசிலை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தி, கிறிஸ்டின் ஓ'டானலை நிறுத்தினார்கள். பொதுத்தேர்தலில் அந்த செனட் இடம் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியிடமே தங்கிவிட்டது. உள்ளே இருக்கிற ஆதரவாளருக்குப் பிடித்தவர் வெளியே இருக்கிற வாக்காளருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

இந்தக் கதவு எல்லா நாட்டிலும் திறந்திருப்பதில்லை. திறந்தாலும் திறந்தபடி இருக்கும் என்று உறுதியும் இல்லை. பிரிட்டனில் தொழிற்கட்சி 2014-இல் விதியை மாற்றி, சின்னக் கட்டணம் கட்டிய ஆதரவாளர்களும் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்றது. அடுத்த வருடம் ஜெரமி கோர்பின், போட்டியிடத் தேவையான எம்.பி. கையெழுத்துகளைக் கடைசி நிமிடத்தில்தான் திரட்டினார். கையெழுத்துப் போட்ட சிலர், விவாதத்துக்கு ஒரு இடதுசாரிக் குரலும் இருக்கட்டுமே என்று போட்டவர்கள். மனிதர் 59.5 சதவீத ஓட்டில் தலைவராகிவிட்டார்! இயக்கங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். 2019 தேர்தலில் படுதோல்வி. புதிய தலைமை வந்தது. 2021-இல் எம்.பி. கையெழுத்து வரம்பை 20 சதவீதமாக உயர்த்தி, கட்டணம் கட்டிய ஆதரவாளர் ஓட்டையும் எடுத்துவிட்டார்கள். ஏழே வருடத்தில் கதவு திறந்து மூடியும் விட்டது.

இந்தியாவில் கதவே வேறு மாதிரி. பெரும்பாலான கட்சிகளில் சீட்டு மேலிருந்து வருகிறது. அப்படி ஒருவர் ஜெயித்து உள்ளே போனாலும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். உங்கள் கோரிக்கைக்காக நீங்கள் அனுப்பிய ஆள், அதற்கு எதிராகக் கை தூக்க வேண்டிய நாள் வரலாம். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, விதி அப்படி.

இதெல்லாம் தெரிந்தும் கட்சிக்குள் போவது சரியான முடிவாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. தினமும் நடத்த வேண்டிய காரியங்கள் இருக்கின்றன: பள்ளிக்கூடம், போலீஸ், குடிநீர், பட்ஜெட்டில் எதற்கு எவ்வளவு என்பது. இவற்றை ஒரு சட்டத்தில் எழுதி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. வருடா வருடம் உள்ளே உட்கார்ந்து இழுக்க ஆள் வேண்டும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அடிமட்டத் தொண்டரின் பத்து நாளில் ஒன்பது நாள், தான் சேர்ந்த காரணத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போகும். போஸ்டர், கூட்டத்துக்கு ஆள், வாக்காளர் பட்டியல், பூத்தில் உட்காருவது. இந்த ஒன்பது நாளைத்தான் பத்தாவது நாளுக்கு விலையாகக் கொடுக்கிறீர்கள். இதை முதலிலேயே கணக்குப் போடாதவர்கள்தான் இரண்டே வருடத்தில் கசந்துபோய் வெளியே வருகிறார்கள்.

வெளியே நிற்பதில் இரண்டு வகை

ஆக்குபை வால் ஸ்ட்ரீட் 2011 செப்டம்பர் 17-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு பூங்காவில் தொடங்கியது. நவம்பர் 15-ஆம் தேதி போலீஸ் காலி செய்தது. இரண்டே மாதம். அந்த இரண்டு மாதத்தில் "பணக்காரர் ஒரு சதவீதம், நாம் 99 சதவீதம்" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது, இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கோரிக்கைப் பட்டியல் வேண்டாம் என்பதில் அங்கே பலர் உறுதியாக இருந்தார்கள். கோரிக்கை வைத்தால் அதிகாரத்தில் இருப்பவர்களை அங்கீகரித்ததாகிவிடும் என்பது அவர்கள் வாதம். தத்துவமாகக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், ஒரு செனட்டர் அன்று காலையில் எழுந்து அவர்களுக்கு எதையாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாலும், எதைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனை இதன் பக்கத்தில் வையுங்கள். 1990-இல் தொடங்கிய கூலித் தொழிலாளர்கள், விவசாயிகள் அமைப்பு. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரின் பெயர்கள் அதோடு சேர்ந்து வரும். அரசு வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதுதான் சண்டை. வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்றார்கள் அதிகாரிகள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள் தொழிலாளர்கள். கோரிக்கை அவ்வளவு சின்னதாகச் சுருங்கியது: ஒரு நகல். 1994 டிசம்பரிலிருந்து ஊர் ஊராகப் பொதுவிசாரணை நடத்தி, கைக்குக் கிடைத்த பில்களையும் வருகைப் பதிவேடுகளையும் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தன் பெயரைக் கேட்டவர் எழுந்து "நான் அங்கே வேலையே செய்யவில்லையே" என்பார். எந்த மேடைப் பேச்சும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

1995-இல் மாநில முதல்வர் நகல் தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரமாகப் பார்த்து, பியாவர் நகரில் உட்கார்ந்தார்கள். 40 நாள் தர்ணா. அப்போது ஆட்சியில் பாரதிய ஜனதா. மாநிலச் சட்டம் வந்தது 2000-இல், காங்கிரஸ் ஆட்சியில். தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதற்குள் அருணா ராய் புதிய மத்திய அரசின் தேசிய ஆலோசனைக் குழுவிலேயே இருந்தார். கட்சியில் சேரவில்லை, ஆனால் கட்சிகளைத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கவும் இல்லை. தேர்தல் தேதியையும் பார்த்தார்கள், அரசின் அறைக்குள் கிடைத்த நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். அரசியலற்ற இயக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு நகல் என்ற அளவுக்குச் சுருக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான் இருந்த ஒரு சின்னக் குழு, கோரிக்கை எழுத உட்கார்ந்து, குழுவுக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று கூட்டங்களைத் தீர்த்தது. நான்காவது கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை.

சொந்தக் கட்சி

எல்லோருக்கும் பிடித்த கனவு இது. நான்கு வழிகளிலும் செலவு அதிகம் பிடிப்பதும் இதுதான்.

போலந்தின் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கம் 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. 21 கோரிக்கைகளை மரப்பலகையில் எழுதி வாசல் கதவில் தொங்கவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் உறுப்பினர்கள். ராணுவச் சட்டத்தையும் தாங்கி நின்று, 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99-ஐப் பிடித்தது. இதைவிடப் பெரிய மக்கள் இயக்கம் கிடைப்பது கடினம். அதன் பெயரைத் தாங்கிய தேர்தல் கூட்டணி 1997-இல் ஆட்சிக்கும் வந்தது. 2001-இல் 5.6 சதவீத ஓட்டு வாங்கி, கூட்டணிகளுக்கு வைத்திருந்த 8 சதவீத வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. ஒரு கோடிப் பேரைச் சேர்த்து வைத்தது கம்யூனிஸ்ட் அரசு என்ற எதிரிதான். எதிரி போனதும், வரி எவ்வளவு, எந்தச் சுரங்கத்தை மூடுவது என்ற கேள்விகள் வந்தன. அவற்றுக்கு அந்த ஒரு கோடிப் பேரிடம் ஒரே பதில் எப்படி இருக்கும்?

டெல்லியில் நடந்தது நமக்கு நன்றாகவே தெரிந்த கதை. 2011-இல் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதம், ஊழலை விசாரிக்க லோக்பால் என்ற தனி அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை. 2012 நவம்பரில் ஆம் ஆத்மி கட்சி. ஹசாரே கூட வரவில்லை. 2013-இல் 70-இல் 28 இடம், 49 நாள் ஆட்சி. 2015-இல் 67. சில வாரங்களிலேயே யோகேந்திர யாதவும் பிரசாந்த் பூஷணும் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2022-இல் பஞ்சாபில் ஆட்சி. 2025-இல் டெல்லியில் 22 இடங்களோடு தோல்வி. இதைத் தோற்ற கதை என்று சொல்ல முடியாது. பத்தே வருடத்தில் இரண்டு மாநிலங்களில் ஆட்சிக்கு வந்த புதுக்கட்சிகள் எத்தனை? ஆனால் லோக்பால் என்ன ஆனது என்று கேளுங்கள். சட்டத்தை 2013 டிசம்பரில் நிறைவேற்றியது நாடாளுமன்றத்தில் இருந்த பழைய கட்சிகள். முதல் லோக்பால் நியமனமானது 2019 மார்ச்சில். அதற்குள் அந்தப் புதுக்கட்சி மின்கட்டணம், பள்ளிக்கூடம், மொஹல்லா கிளினிக் என்று வேறு காரியங்களுக்குப் போயிருந்தது. ஆட்சி செய்ய வந்தவர்கள் அதைச் செய்தே ஆக வேண்டும், குறை சொல்வதற்கில்லை. கோரிக்கைக்காகத் தொடங்கியவர்கள் மட்டும் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் பசுமைக் கட்சி நீண்ட கதை. அணு உலை எதிர்ப்பு, அமைதி இயக்கங்களிலிருந்து 1980-இல் பிறந்தது. கட்சி ஆகியும் கட்சியாகிவிடக் கூடாது என்று பயந்து, எம்.பி.க்கள் இரண்டு வருடத்தில் இடத்தை மற்றவருக்கு விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். வேலை பழகிய நேரத்தில் ஆள் மாறினால் என்னாகும்? அந்த விதி நிலைக்கவில்லை. 1998-இல் கூட்டணி ஆட்சி. 1999-இல் கொசோவோ போருக்கு ஒப்புக்கொண்டதற்காக, சொந்தக் கட்சி மாநாட்டிலேயே வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் மீது சிவப்புச் சாயப் பை வந்து விழுந்தது. காதுச் சவ்வு கிழிந்தது. 2002-இல் அணு உலைகளைப் படிப்படியாக மூடும் சட்டம். 2010-இல், பின்னால் வந்த ஓர் ஆட்சி அதைத் தள்ளிப்போட்டது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு மூடுவது என்று முடிவெடுத்தவர் எதிர்த்தரப்பின் ஏஞ்சலா மெர்க்கல். கடைசி மூன்று உலைகள் 2022 முடிவில் நின்றிருக்க வேண்டும். எரிவாயு நெருக்கடியில் அதை மூன்றரை மாதம் தள்ளிப்போட்ட அரசில் பசுமைக் கட்சியும் இருந்தது. 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி நின்றன. கட்சி தொடங்கி 43 வருடம். அவ்வளவு பொறுமையும், நடுவில் சாயப் பையை வாங்கும் காதும் உங்கள் இருபது பேருக்கு உண்டா?

எந்த வழியை எடுத்தாலும் கூட வருகிறவர்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். அடித்தட்டு இயக்கத்தை ஆங்கிலத்தில் புல்லின் வேர் என்பார்கள். காசு கொடுத்து மேலிருந்து விரித்த இயக்கத்துக்கு, விளையாட்டு மைதானத்தில் விரிக்கும் செயற்கைப் புல்லின் பிராண்டு பெயரான ஆஸ்ட்ரோடர்ஃப் என்பதை வைத்துவிட்டார்கள். அசல் இயக்கத்திலும் அது கலந்துவிடும். டீ பார்ட்டியில் தானாக வந்த மக்களும் இருந்தார்கள், கோக் சகோதரர்கள் என்ற பெரும் தொழிலதிபர்கள் வளர்த்த அமைப்பின் பணமும் இருந்தது. பணம் நின்றால் அடுத்த கூட்டம் நடக்குமா என்று கேட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

என் முடிவைக் கேட்டால், கோரிக்கை ஒரு சட்டம், ஒரு உத்தரவு, ஒரு திட்டத்தை நிறுத்துவது என்று முடிவு உள்ளதாக இருந்தால் நான் வெளியேதான் நிற்பேன், ஆனால் தேர்தல் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு நிற்பேன். தினசரி நடத்த வேண்டிய காரியம் என்றால், வேட்பாளர் தேர்வில் கீழே இருப்பவருக்கு ஏதாவது ஓட்டு இருக்கிற கட்சியாகத் தேடிச் சேர்வேன். பெரிய தேர்தலில் அப்படிக் கட்சி கிடைக்காவிட்டால் உள்ளாட்சித் தேர்தலில் கிடைக்கலாம், அங்கே நூறு ஓட்டுக்கும் எடை உண்டு. சொந்தக் கட்சியை, மற்ற மூன்றும் அடைபட்ட பிறகுதான் தொடுவேன். குழுவையே இரண்டாகப் பிரித்து, பத்துப் பேர் உள்ளே, பத்துப் பேர் வெளியே என்றும் செய்யலாம்; உள்ளே போனவரைத் துரோகி என்று வெளியே இருப்பவர் பேசாமல் இருந்தால்.

அடுத்த கூட்டத்தில் இந்தச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நம் கோரிக்கை என்ன, அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி யார் என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். இருபது தாளிலும் ஏறக்குறைய ஒரே வரி இருந்தால் கட்சியா இயக்கமா என்று பேசத் தொடங்கலாம். இருபது தாளில் இருபது வரி இருந்தால், அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்காமல் அந்தத் தாள்களையே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.